துளை பொருந்தினால் சக்கரம் பொருந்திவிடுமா?

கேள்வி: என் காரில் வாங்கும்போதே வந்த 15 அங்குல இரும்புச் சக்கரங்கள்தான் இருக்கின்றன. அவற்றில் 6ஜே × 15, ஈ.டி. 45 என்று பொறித்திருக்கிறது. டயர் 185/65 ஆர்15 88 எச். நான்கு டயரும் தேய்ந்துவிட்டன, மாற்றியே ஆகவேண்டும். இந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர் தன் பழைய காரில் போட்டிருந்த 17 அங்குல அலாய் சக்கரங்களை டயரோடு தருகிறேன் என்கிறார். சக்கரத்தின் பின்புறம் 7ஜே × 17, ஈ.டி. 35, 4 × 100, 73.1 என்று இருக்கிறது. டயர் 205/45 ஆர்17 84 வி. பக்கவாட்டில் 3117 என்று ஓர் எண்ணும் உண்டு. முன்பக்கம் ஒன்றை மாட்டிப் பார்த்தோம். நான்கு துளையும் அப்படியே போய் உட்கார்ந்துவிட்டன. ஸ்போக்குகள் உள்ளே குழிந்த டிசைன் என்பதால் பிரேக்கில் லேசாக உரசியது. சக்கரத்துக்கு அடியில் 5 மில்லிமீட்டர் ஸ்பேசர் (இடைத்தகடு) போட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். விடுமுறை வந்தால் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், டிக்கி நிறையச் சாமான் என்று நெடுந்தூரம் போகிறவன் நான். இந்தச் சக்கரங்களை மாட்டலாமா? கூடாதென்றால் எதை வாங்குவது? டிக்கியில் இருக்கும் இரும்புச் சக்கர ஸ்டெப்னியை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

பதில்:

மாட்டாதீர்கள். நண்பர் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அவர் உங்களுக்கு நல்லது நினைத்துத்தான் சொல்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் எழுதி அனுப்பிய எண்களை வைத்துப் பார்த்தால், அந்தச் சக்கரமும் டயரும் உங்கள் காருக்கு ஒன்றல்ல, நான்கைந்து விதத்தில் ஒத்துவரவில்லை. ஐந்து பேரும் சாமானும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி என்று நீங்கள் எழுதியிருக்காவிட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். எழுதியிருப்பதால் இன்னும் அழுத்திச் சொல்கிறேன்.

துளையிலிருந்தே தொடங்குவோம். 4 × 100 என்றால் நான்கு துளைகள், அவற்றின் மையங்கள் 100 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத்தின் மேல் இருக்கின்றன என்று பொருள். இதைத்தான் பி.சி.டி. என்கிறோம். நான்கு துளைச் சக்கரமானால் எதிரெதிர் துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தாலே தெரிந்துவிடும். ஐந்து துளையானால் எதிரே துளை இருக்காது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மைய இடைவெளியை அளந்து 1.7ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அபாயம் நெருக்கமான அளவுகளில் இருக்கிறது. 4 × 98 சக்கரம் 4 × 100 ஹப்பில், அதாவது காரில் சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதியில், ஏறிவிடும். ஒவ்வொரு துளையும் 1 மி.மீ. தள்ளியிருக்கும், அவ்வளவுதான். நட்டின் கூம்பு முனை, ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைக் கம்பியான ஸ்டட்டைப் பக்கவாட்டில் வளைத்து இழுத்து உட்கார வைத்துவிடும். கைக்கு இறுக்கமாகவே தெரியும். ஓட ஓட அந்த ஸ்டட் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நிமிர்ந்து கொண்டிருக்கும். ஒருநாள் நட்டு தளரும், அல்லது ஸ்டட் அறுந்துபோகும். ஐந்து துளையில் 112க்கும் 114.3க்கும் இதே கதைதான். உங்கள் நண்பரின் சக்கரத்தில் 100 என்றே பொறித்திருப்பதால் இந்த ஒரு சோதனையில் அது தேறுகிறது. மற்றவற்றைப் பார்ப்போம்.

டயரை வாங்க வருகிறவர்கள் 205ஐயும் 17ஐயும்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது கடைசியில் இருக்கும் 84ஐ. அது சுமைக் குறியீடு. 84 என்பது கிலோ அல்ல, ஓர் அட்டவணையில் உள்ள வரிசை எண். 84க்கு நேரே 500 கிலோ என்று இருக்கும். உங்கள் காரோடு வந்த 88க்கு நேரே 560 கிலோ. ஒரு டயருக்கு 60 கிலோ குறைகிறது. நான்குக்கும் சேர்த்து 240 கிலோ. நீங்கள் ஏற்றப்போகும் அப்பா, அம்மா, பிள்ளைகளின் எடையைவிடக் குறைவாக இருக்காது இது.

நண்பர் உடனே ஒரு கணக்குச் சொல்லக்கூடும். ஆளும் சாமானும் ஏற்றினாலும் வண்டி ஒன்றரை டன்தான் வரும், நான்கு டயரும் சேர்ந்து 2,000 கிலோ தாங்குமே, பிறகென்ன என்பார். கணக்கு சரி, அதற்குள் அடங்காதவை மூன்று இருக்கின்றன. முதலாவது, அந்த 500 கிலோ என்பது டயரில் 250 கிலோபாஸ்கல், அதாவது 36 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் மட்டும். காற்று குறையக் குறையத் தாங்குதிறனும் இறங்கும். இரண்டாவது, எடை நான்கு சக்கரத்துக்கும் சமமாகப் பிரிவதே இல்லை. பிரேக் பிடித்தால் முன்னால் சாயும், வளைவில் திரும்பினால் வெளிப்பக்க டயர்களின் மேல் ஏறும், டிக்கி நிறைந்தால் பின் டயர்கள் சுமக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறும் அந்தக் கணத்தில் ஒரே டயரின் மேல் விழுவது இன்னும் அதிகம். மூன்றாவதுதான் மிக முக்கியம்: கார் தயாரித்தவர் 88 என்று குறித்தது இதையெல்லாம் கணக்கில் எடுத்து, கொஞ்சம் மிச்சமும் வைத்துத்தான். அந்த மிச்சத்தை நாம் எடுத்துச் செலவழிக்கக் கூடாது. சுமை மீறிய டயரின் பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் மடங்கி நிமிரும். மடங்குவதால் சூடு, சூட்டில் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் எஃகு அடுக்குகளுக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகும். மெதுவாகப் போகும் சின்னச் சின்ன ஓட்டங்களில் இது தெரியவே தெரியாது. வெயிலில், முழுச் சுமையோடு, மணிக்கணக்கில் வேகமாகப் போகும்போதுதான் தெரியும். நீங்கள் குடும்பத்தோடு போகும் பயணம் அப்படிப்பட்டதுதான்.

இதே 205/45 ஆர்17 அளவில் 88 எக்ஸ்.எல். என்று, கூடுதல் சுமைக்கான வகையில், ஒரு டயர் கிடைக்கும். குறியீடு 88 வந்துவிட்டதே என்று நிம்மதி அடைய முடியாது. எக்ஸ்.எல். டயர் தன் முழுச் சுமையைத் தாங்குவது 290 கிலோபாஸ்கலில், சுமார் 42 பி.எஸ்.ஐ.யில். கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள பழைய அழுத்தத்தையே அதில் அடைத்தால், உங்கள் பழைய டயர் தாங்கியதை அது தாங்காது. ஈடுகட்ட உத்தேசமாக 5 பி.எஸ்.ஐ. கூட்டவேண்டி வரும். சரியான எண்ணை டயர் தயாரிப்பாளரின் சுமை, காற்றழுத்த அட்டவணையில் பார்த்துத்தான் வைக்கவேண்டும். நல்ல டயர்க்கடையில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். காட்ட முடியாத கடையில் அளவு மாற்றாதீர்கள்.

சுமைக்குப் பக்கத்தில் உள்ள எழுத்து வேகக் குறியீடு. டி (T) என்றால் மணிக்கு 190 கி.மீ., எச் என்றால் 210, வி என்றால் 240. எச் மட்டும் அகரவரிசையில் நிற்காமல் யு-வுக்கும் வி-க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். பலரும் இதில் குழம்பி எச்-சை டி-யைவிடக் குறைந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். உங்களுக்குத் தேவை எச் அல்லது அதற்கு மேல். நண்பரின் டயர் இதில் தேறுகிறது.

அந்த 3117 என்ற எண்ணைக் கவனித்து எழுதியதற்கு நன்றி. டயர் 2017ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் வார்க்கப்பட்டது என்று அர்த்தம். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஐந்து வயதைத் தாண்டிய டயரை வருடாவருடம் ஆள் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள் டயர் நிறுவனங்கள். பத்து வயதானால் டயரின் வரிப்பள்ளம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் கழற்றிவிடச் சொல்கிறார்கள். சில கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கின்றன. ரப்பர் ஓடாமல் நிழலில் கிடந்தாலும் கெட்டிப்படும். பள்ளத்தைப் பார்த்து ஏமாறாமல், பள்ளத்தின் அடியில் விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், பக்கச் சுவரை வளைத்துப் பார்த்து மயிரிழை வெடிப்புகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். கெட்டிப்பட்ட டயர் காய்ந்த தரையில் ஒழுங்காகத்தான் ஓடும். மழையில் பிரேக் பிடிக்கும்போது வழுக்கும். வேறு எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் இந்த ஒன்றுக்காகவே அந்த டயர்களை நான் நிராகரிப்பேன்.

அடுத்தது ஆஃப்செட். ஈ.டி. என்று பொறித்திருப்பது அதுதான். சக்கரத்தின் அகலத்தை நடுவில் வகிர்ந்தால் கிடைக்கும் கோட்டுக்கும், ஹப்பில் ஒட்டி உட்காரும் முகத்துக்கும் இடையே எத்தனை மி.மீ. என்பது அந்த எண். எண் பெரிதாக இருந்தால் சக்கரம் வண்டிக்குள் ஒதுங்கி உட்காரும். குறைந்தால் வெளியே தள்ளும். ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் இரண்டு சக்கரங்களுக்கும் போட்டுப் பார்ப்போம்.

பழைய சக்கரம் 6ஜே, அதாவது 6 அங்குல அகலம், 152.4 மி.மீ. பாதி 76.2. அதில் 45 போனால் 31.2. ஹப்பின் முகத்திலிருந்து வெளிப்பக்கம் சக்கரம் 31.2 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. நண்பரின் சக்கரம் 7ஜே, 177.8 மி.மீ. பாதி 88.9. அதில் 35 போனால் 53.9. ஆக, புதிய சக்கரத்தின் விளிம்பு பழையதைவிட 22.7 மி.மீ. வெளியே வருகிறது. உள்பக்கம் கழிப்பதற்குப் பதில் கூட்டவேண்டும்: முன்பு 121.2, இப்போது 123.9, 2.7 மி.மீ. உள்ளேயும் போகிறது. அதற்கு மேல் 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் வெளிப்பக்கம் கிட்டத்தட்ட 28 மி.மீ. ஆகிவிடும். கட்டைவிரல் அகலத்தைவிட அதிகம் இது. காலி வண்டியைக் கடையில் நிறுத்தி மாட்டிப் பார்க்கும்போது உரசாது. பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து டிக்கியும் நிறைந்து ஸ்பிரிங் அமுங்கும்போது, மட்கார்டின் உட்புற மடிப்பு நேராக டயரின் தோளில் போய் நிற்கும். அந்தத் தகட்டு விளிம்பு டயரைச் சீவும்.

உரசல் கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும், தெரியாதது வேறொன்று. வாளித் தண்ணீரை உடம்போடு ஒட்டித் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் வீல் பேரிங்குக்கு ஏற்படுவது. சுமை அதேதான், நெம்பும் தூரம் கூடுகிறது. அதோடு, ஸ்டீயரிங் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சுக்கோடு தரையைத் தொடும் இடம், டயர் தரையைத் தொடும் இடத்தின் நடுவுக்கு எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் காரை வடிவமைத்திருக்கிறார்கள். சக்கரத்தை வெளியே தள்ளினால் அந்தக் கணக்குக் குலைகிறது. ஒரு பக்க டயர் மணலிலும் மறுபக்க டயர் தாரிலும் இருக்கையில் பிரேக்கை அழுத்தினால், ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். அவசரத்தில்தான் இது நடக்கும், அவசரத்தில்தான் நமக்குக் கையில் இழுப்பு இருக்கக் கூடாது.

73.1 என்பது நடுத்துளையின் விட்டம். உங்கள் காரின் ஹப் நடுவில் உள்ள மேட்டை அளந்து பாருங்கள். அதைவிட நன்றாகச் சிறியதாக இருக்கும் என்றே நினைக்கிறேன். பல கார்களுக்கும் பொதுவாக ஓடவேண்டும் என்று வெளிச்சந்தைச் சக்கரங்களில் நடுத்துளையைப் பெரிதாகவே வைப்பார்கள். இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போடவேண்டும். அது இல்லாவிட்டால் சக்கரம் ஹப்பின் மையத்தில் உட்காராமல் இம்மி தள்ளி உட்கார்ந்துவிடும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் 80, 90 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். வளையம் சுமை தாங்குவதற்கு இல்லை, நட்டை முறுக்கும்வரை சக்கரத்தை மையத்தில் பிடித்து வைப்பதற்கு. சுமையைத் தாங்குவது சக்கர முகமும் ஹப் முகமும் ஒன்றையொன்று அழுத்தும் உராய்வு. 12 மி.மீ. ஸ்டட் ஒன்றை 110 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் அது நான்கு டன்னுக்கு மேற்பட்ட விசையில் அந்த இரண்டு முகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. இடையில் துரு, மண், கட்டியான பெயின்ட் இருந்தால் அது நாளடைவில் நசுங்கி இடம் விட, பிடிப்பு தளர்ந்துவிடும்.

ஸ்பேசர் வேண்டாம் என்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. 5 மி.மீ. தகடு ஒன்றை நடுவில் சொருகினால் ஸ்டட்டின் நீளத்தில் 5 மி.மீ. அதற்குப் போய்விடுகிறது. மரை இடைவெளி 1.5 மி.மீ. என்றால் நட்டு பிடிக்கும் மரையில் மூன்று சுற்றுக்கு மேல் குறைந்துவிடும். ஸ்டட் எவ்வளவு தடிமனோ குறைந்தது அவ்வளவு நீளமாவது நட்டுக்குள் மரை பிடிக்கவேண்டும் என்பது நாங்கள் கைக்கொள்ளும் அளவு: 12 மி.மீ. ஸ்டட்டில் எட்டுச் சுற்று. அலாய் சக்கரத்தின் அடிப்பகுதி இரும்பைவிடத் தடிமன் என்பதால் ஏற்கெனவே சில சுற்றுகள் போயிருக்கும். ஹப் நடுமேட்டின் உயரமும் ஸ்பேசருக்குள் புதைந்துபோகும், சக்கரத்தை மையத்தில் பிடிக்க எதுவும் மிஞ்சாது. அடிப்படையில், பிரேக்கில் உரசுகிற சக்கரம் அந்தக் காருக்கு ஆனதே அல்ல. பிரேக் காலிப்பருக்கும் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) ஸ்போக்குக்கும் இடையே சில மி.மீ. இடைவெளி தானாகவே இருக்கவேண்டும். பிரேக் சூடானால் விரியும், சக்கரம் சுமையில் வளையும்.

நட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றுக்கு மேலேயே சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் படித்தவர்களும் இதைக் கவனிப்பதில்லை. நட்டு சக்கரத்தில் உட்காரும் முனை மூன்று வடிவத்தில் வரும்: கூம்பு, உருண்டை, வாஷர் வைத்த தட்டை. வெளிச்சந்தை அலாய்களில் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. காரோடு வந்த நட்டு உருண்டை முனையாக இருந்து, அதைக் கூம்புக் குழியில் முறுக்கினால் இறுகும், ரெஞ்ச் ‘டக்’ என்று சொல்லும், எல்லாம் சரியாகத்தான் தோன்றும். கழற்றிப் பார்த்தால் உண்மை தெரியும். சரியான ஜோடியானால் குழியைச் சுற்றி அகலமான, சீரான பளபளப்புப் பட்டை இருக்கும். தவறான ஜோடியானால் நூல் அகலத்துக்கு ஒரு கோடு மட்டும் மின்னும். அந்த நூல் அகலத்தில்தான் முழு விசையும் நின்றிருக்கிறது. அலுமினியம் அந்த இடத்தில் அமுங்கிக்கொடுக்கும், நட்டு தளரும். எந்தச் சக்கரம் வாங்கினாலும் அதற்குரிய நட்டையும் சேர்த்து வாங்குங்கள். மரையின் அளவும், எம்12 × 1.5 என்றோ எம்12 × 1.25 என்றோ, உங்கள் ஸ்டட்டோடு ஒத்திருக்க வேண்டும்.

சக்கரம் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லுமே என்று நிறையப் பேர் கவலைப்படுவார்கள். அதற்குப் பார்க்கவேண்டியது டயரோடு சேர்ந்த முழு விட்டம். டயரின் அகலம் 185 மி.மீ., அதில் 65 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், 120.25, இரண்டு பக்கம் 240.5, நடுவில் 15 அங்குலம் 381: மொத்தம் 621.5 மி.மீ. நண்பரின் டயருக்கு இதே கணக்கில் 616.3 வரும். ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம், பிரச்சினை இல்லை. மூன்று சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது வழக்கம். நான் இரண்டுக்குள்ளேயே நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். முக்கியமாக விட்டம் கூடக்கூடாது. ஐ.நா. வாகன விதி 39இன்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. டயர் பெரிதானால் அப்படித்தான் காட்டத் தொடங்கும். நான்கு சக்கரமும் ஒரே விட்டத்தில் இருப்பது அதைவிட முக்கியம், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். ஒவ்வொரு சக்கரத்தின் சுற்றையும் மற்றதோடு ஒப்பிட்டுத்தான் வேலை செய்கிறது.

சரி, எதை வாங்குவது?

உங்களைப்போல் குடும்பத்தோடு ஓட்டுகிறவருக்கு என் முதல் சிபாரிசு, இருக்கிற இரும்புச் சக்கரத்திலேயே 185/65 ஆர்15 88 எச் அளவில் நான்கு புதிய, தரமான டயர். சலிப்பூட்டும் பதிலாகத் தோன்றலாம். ஆனால் 17 அங்குலத்துக்கும் அலாய்க்கும் போகும் பணத்தில், இதே அளவில் ஈரத்தரைப் பிடிப்புக்குப் பெயர்பெற்ற உயர்ந்த டயராகவே எடுத்துவிடலாம். மழையில் பிரேக் பிடித்தால் வண்டி எங்கே நிற்கிறது என்பதை அகலத்தைவிட ரப்பரின் தரம்தான் அதிகம் தீர்மானிக்கிறது. தேங்கிய தண்ணீரில் அகல டயர் இன்னும் சீக்கிரமே மிதக்கத் தொடங்கும். 120 மி.மீ. உயரமுள்ள பக்கச் சுவர் பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ளும். 205/45இல் அது 92 மி.மீ.தான், அடி நேரே ரிம்மில் விழும். பின் சீட்டில் வயதானவர்கள் உட்கார்ந்திருந்தால் இந்த 28 மி.மீ. வித்தியாசத்தை அவர்கள் முதுகு சொல்லும்.

அழகுக்கும் ஆசைப்படுவதில் தவறொன்றும் இல்லை. அப்படியானால் 16 அங்குலத்தோடு நிறுத்துங்கள். உங்கள் காரின் உயர்ந்த மாடலில் நிறுவனமே 16 அங்குல அலாய் கொடுத்திருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். கொடுத்திருந்தால் அதே சக்கரம், அதே டயர் அளவு, அதே காற்றழுத்தம்; கணக்குப் போடவேண்டிய வேலையே இல்லை. இல்லாவிட்டால் 6 அல்லது 6.5ஜே, ஈ.டி. 45ஐ ஒட்டிய சக்கரத்தில் 195/55 ஆர்16. விட்டம் 620.9, பழையதோடு அப்படியே ஒத்துப்போகிறது. 6.5ஜே, ஈ.டி. 45 என்றால் இரண்டு பக்கமும் 6 மி.மீ. சொச்சம்தான் கூடும், இடம் இருக்கிறதா என்பதை மாட்டிப் பார்த்தே உறுதிசெய்யவேண்டும். இந்த அளவில் சாதாரணமாகக் கடையில் எடுத்துத் தருவது 87. அது 545 கிலோ, உங்கள் 88க்குக் கீழே. 91 எக்ஸ்.எல். என்று கேட்டு வாங்குங்கள், 615 கிலோ. அட்டவணைப்படி காற்று ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. கூட்டவேண்டி வரும்.

அலாய் வாங்கும்போது பின்புறத்தில் தாங்குசுமை பொறித்திருக்கிறதா பாருங்கள். கார் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உச்ச எடை கொடுத்திருப்பார்கள். பெரியதில் பாதிக்குக் குறையாமல் சக்கரத்தின் எண் இருக்கவேண்டும். ஜப்பானியத் தர முத்திரைகளான ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. போன்றவை இருந்தால் நல்லது. சுமை எண்ணோ தயாரித்தவர் பெயரோ இல்லாத சக்கரத்தைக் கையிலெடுக்காதீர்கள். பழைய சக்கரமானால் டயரைக் கழற்றி, உட்பக்க விளிம்பையும் ஸ்போக் தொடங்கும் இடங்களையும் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். வெல்டிங் வைத்த தழும்பு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும் நாளில் அவசரப்படாமல் கூடவே நில்லுங்கள். டயர் ஏற்றுவதற்கு முன்பே வெறும் சக்கரம் ஒன்றை முன்பக்கம் மாட்டி, இரண்டு நட்டு போட்டு, கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உரசினால் அப்படியே திருப்பிக் கொடுக்கலாம்; டயர் ஏற்றிவிட்டால் எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. பேலன்சிங் எடைகளைச் சக்கரத்தின் உட்புறம் ஒட்டுவார்கள். அந்த எடையின் தடிமன் காலிப்பரில் இடிக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்கவேண்டும். ஹப் முகத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யட்டும். நட்டுகளைக் கையாலேயே முதல் சில சுற்றுகள் ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, கடைசி முறுக்கு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில்தான். காற்றுத் துப்பாக்கியால் முறுக்கி முடிப்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். எவ்வளவு முறுக்கு என்பது கையேட்டில் இருக்கும். மரைக்கு எண்ணெய் வேண்டாம். எண்ணெய் போட்ட ஸ்டட் அதே முறுக்கில் அளவுக்கு மீறி இழுபட்டுப்போகும்.

பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள், பிரேக் ஹோஸ் டயரைத் தொடுகிறதா என்று குனிந்து பாருங்கள். ஐந்து பேர் ஏறி உட்கார்ந்து, வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கி, பிறகு டார்ச் அடித்து மட்கார்டின் உட்பக்கம் பாருங்கள். தூசி படிந்த கறுப்பு லைனரில் ஓரிடத்தில் மட்டும் புதிதாகத் துடைத்ததுபோல் பளிச்சென்று ஒரு கோடு இருந்தால் டயர் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றே அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள். டயர் அழுத்தம் காட்டும் விளக்கு உள்ள காரானால் அதையும் புதிதாகப் பதிவுசெய்யவேண்டும். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்ச்சை மறுபடி வைத்துப் பார்ப்பது கட்டாயம். புது அலாயில் நட்டு உட்காரும் இடம் கொஞ்சம் படிந்துகொடுக்கும், இறுக்கம் குறைந்திருக்கும்.

ஸ்டெப்னியைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். 195/55 ஆர்16 போட்டாலும் 185/65 ஆர்15இன் விட்டம் அதற்குச் சமம்தான், அடுத்த பஞ்சர் கடைவரை நிதானமாக ஓட்டிப் போக ஒரு தடையும் இல்லை. அதன் நாலிலக்க எண்ணையும் பாருங்கள். ஒருமுறைகூடத் தரையைத் தொடாத ஸ்டெப்னிக்கும் வயதாகும். மாதம் ஒருமுறை அதிலும் காற்றுப் பாருங்கள். அலாய்க்கு வாங்கிய புது நட்டு இரும்புச் சக்கரத்தில் சரியாக உட்காராமல் போகலாம் என்பதால் பழைய நட்டு நான்கையும் ஒரு பையில் போட்டு, ஜாக்கோடு சேர்த்து டிக்கியிலேயே வைத்துவிடுங்கள்.